இழுபடும் சக்கரங்கள்

கொழும்புத் துறைமுகத்திலிருந்து வெளியே வரும் கொள்கலன் வண்டி ஒன்று கொட்டாஞ்சேனைப் பக்கத்துச் சந்தியொன்றில் மெதுவாகத் திரும்பும்போது, ஒரு நிமிடம் நின்று அதன் பின்சக்கரங்களைப் பாருங்கள். முன்னால் இழுக்கும் பிரைம் மூவர் வளைந்து போய்விடும். பின்னால் வரும் ட்ரெயிலரின் சக்கரங்களுக்கு வளையத் தெரியாது. முன் அச்சிலுள்ள டயர்கள் ஒரு பக்கமாகப் பிதுங்கும். கடைசி அச்சிலுள்ளவை அதற்கு எதிர்ப்பக்கமாகப் பிதுங்கும். அவை தாரில் அரைபடும் ஓசை வாகன இரைச்சலுக்கு மேலாகக் கேட்கும். வண்டி போன பிறகு வீதியில் வில்லாக வளைந்த கறுப்புக் கோடுகள் மிஞ்சும். அவ்வளவும் டயரிலிருந்து உரிந்த இறப்பர்.

துறைமுகத்தை அண்டிய டயர்க் கடைகளின் வாசலில் கழற்றிப் போட்ட பழைய டயர்கள் அடுக்கப்பட்டிருக்கும். அவற்றைக் கொஞ்சம் புரட்டிப் பார்த்தால் சீராக, முழு அகலத்திலும் ஒரே அளவாகத் தேய்ந்த டயர் குறைவாகத்தான் அகப்படும். ஒரு விளிம்பில் நூல் தெரியும். மறு விளிம்பில் தவாளிப்பு இன்னும் ஆழமாக இருக்கும். அந்த டயரின் விலையில் ஏறக்குறைய பாதி வீணாகியிருக்கிறது. வாங்கியவர் பணம் கொடுத்தது முழு டயருக்கு. ஓடித் தேய்ந்தது ஒரு பக்கம் மட்டும்.

இந்த விரயம் எனக்கு வெறும் பணக்கணக்காகத் தெரியவில்லை. ஆசியாவின் இறப்பர்த் தோட்டத் தொழில் வேர்விட்டதே நம் நாட்டில்தான். பிரேசிலிலிருந்து லண்டன் கியூ தோட்டத்துக்குப் போன விதைகளில் முளைத்த கன்றுகள் 1876 இல் கம்பஹாவின் ஹேனரத்கொட பூங்காவில் நடப்பட்டன. களுத்துறையிலும் கேகாலையிலும் இரத்தினபுரியிலும் தலைமுறை தலைமுறையாக விடியற்காலையில் எழுந்து பால் வெட்டும் கைகளில் தமிழ்க் கைகளும் ஏராளம். பாரமான வண்டிகளின் டயர்களில் இன்றும் இயற்கை இறப்பர் பெரும் பங்கு வகிக்கிறது; கிழிவதைத் தாங்குவதிலும், ஓட்டத்தில் குறைவாகச் சூடேறுவதிலும் செயற்கை இறப்பர் அதற்கு ஈடாவதில்லை. அப்படி மரத்திலிருந்து சொட்டுச் சொட்டாக எடுத்ததைத்தான் கோணலான ஓர் அச்சு வீதியில் தேய்த்துவிடுகிறது.

டயர் ஏன் தேய்கிறது என்று கேட்டால் பெரும்பாலானோர் “ஓடுவதால்” என்பார்கள். அது முழு விடையல்ல. தான் பார்க்கும் திசையிலேயே சுதந்திரமாக உருளும் சக்கரம் மிக மெதுவாகத்தான் தேயும். சக்கரம் ஒரு திசையைப் பார்த்துக்கொண்டிருக்க, வண்டி அதை வேறு திசையில் கொண்டுபோகும்போதுதான் தேய்மானம் பெருகும். காரிலோ லொறியிலோ இயந்திரத்தின் உந்துதல், பிரேக், ஸ்டியரிங் என்று வேறு காரணங்களும் உண்டு. ட்ரெயிலரில் இயந்திரம் கிடையாது, ஸ்டியரிங் கிடையாது. இழுத்த இழுப்புக்கு வருவதே அதன் வேலை. பிரேக்கை ஒதுக்கிவிட்டால், ட்ரெயிலர் டயர் அளவுக்கு மீறித் தேய்வதற்கு மிஞ்சும் காரணங்களில் முதன்மையானது: ஒன்றோடொன்று பிணைக்கப்பட்ட சக்கரங்கள் ஒரே திசையைப் பார்க்காமல் இருப்பது.

கணக்கு மிக எளிது. கொள்கலன் வண்டியின் டயர் ஏறத்தாழ ஒரு மீற்றர் விட்டமுடையது. அந்தச் சக்கரத்தின் முன்விளிம்பு, பின்விளிம்பைவிட 1 மில்லிமீற்றர் உட்பக்கமாகச் சாய்ந்திருக்கிறது என்று வையுங்கள். அப்படியானால் ஒவ்வொரு மீற்றர் பயணத்திலும் அந்த டயர் 1 மில்லிமீற்றர் உள்ளே போகப் பார்க்கும். அச்சின் மறுமுனையிலிருக்கும் சக்கரமும் அதே அளவு உட்பக்கம் பார்த்தால், அதுவும் எதிர்த்திசையில் அதையே செய்யும். இரண்டையும் உருக்கு அச்சு இறுகப் பிடித்திருப்பதால் எதுவும் தான் நினைத்த இடத்துக்குப் போகமுடியாது. ஆக, கிலோமீற்றருக்கு 1 மீற்றர் வீதம் இரண்டு டயர்களும் பக்கவாட்டில் இழுபடுகின்றன. விலகல் 5 மில்லிமீற்றராக இருந்தால் கிலோமீற்றருக்கு 5 மீற்றர். கொழும்பிலிருந்து யாழ்ப்பாணம் ஏறத்தாழ 400 கிலோமீற்றர். அங்கே போய்ச் சேர்வதற்குள் அந்த டயர் 2 கிலோமீற்றர் குறுக்கே இழுபட்டிருக்கும். 5 மில்லிமீற்றர் என்பது ஒரு சிறுவிரலின் தடிப்புக்கூட இல்லை. கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. கராஜில் ‘டோ’ என்று சொல்வது இந்த விலகலைத்தான்.

இரண்டு கிலோமீற்றரும் டயர் வழுக்கிக்கொண்டே போகிறது என்று இதற்குப் பொருளில்லை. இறப்பர் நெகிழக்கூடியது. வீதியில் ஒரு நேரத்தில் பதிந்திருப்பது டயரின் ஒரு சாண் நீளமுள்ள பகுதி மட்டும். டயரின் மேற்பரப்பிலுள்ள கட்டைகள் ஒவ்வொன்றாக முன்னாலிருந்து வந்து தாரைப் பற்றுகின்றன. பற்றிய கட்டை வீதியோடு ஒட்டிக்கொண்டிருக்க, டயரின் உடல் சிறிது சிறிதாகப் பக்கவாட்டில் விலகிப்போகிறது. கட்டை வளைகிறது. ஏறத்தாழ 20 சென்றிமீற்றர் நீளத்தைக் கடந்து, தாரை விட்டுக் கிளம்பும் தறுவாயில் 5 மில்லிமீற்றர் விலகலுடைய சக்கரத்தில் அது 1 மில்லிமீற்றர் அளவு இழுபட்டிருக்கும். பிடி தளரும் கணத்தில் அது தாரில் உரசிக்கொண்டே தன் இடத்துக்குத் துள்ளித் திரும்புகிறது. தேய்மானம் நடப்பது அந்தக் கணத்தில்தான். ஒரு மில்லிமீற்றர் உரசல் பெரிதல்ல. ஆனால் ஒரு மீற்றர் விட்டமுள்ள சக்கரம் யாழ்ப்பாணம் போய்ச் சேர 127,000 தடவை சுற்ற வேண்டும். ஒவ்வொரு கட்டையும் அத்தனை தடவை அரம் போட்டதுபோல் உராயப்படுகிறது.

இவ்வாறு எப்போதும் ஒரே பக்கமாக உரசப்படுவதால் கட்டையின் ஒரு விளிம்பு மழுங்கும், மறு விளிம்பு கூராகும். ஓடி நின்று ஆறிய டயரின் குறுக்கே உள்ளங்கையை மெதுவாகத் தடவுங்கள். ஒரு பக்கமாகப் போகும்போது வழுவழுப்பாகவும், திரும்பி வரும்போது வாள் பல்லில் கை படுவதுபோல் சொரசொரப்பாகவும் இருந்தால் சக்கரம் நேராகப் பார்க்கவில்லை. கண்ணுக்குத் தேய்மானம் தெரிவதற்கு வெகு முன்னரே கைக்குத் தெரிந்துவிடும். டயரில் கம்பி நீட்டிக்கொண்டிருக்கலாம் என்பதால் பார்த்துத் தடவுவது நல்லது.

இனிச் சொல்லப்போவது அனுபவமுள்ள மெக்கானிக்குகளும் சில சமயம் குழம்பும் இடம். அச்சு முழுவதுமே கோணலாக இருந்தால் என்ன ஆகும்? அதாவது இடது சக்கரமும் வலது சக்கரமும் ஒன்றுக்கொன்று இணையாகவே இருக்கின்றன. ஆனால் அச்சின் ஒரு முனை வண்டியில் சற்று முன்னால் தள்ளிப் பூட்டப்பட்டிருக்கிறது. ஒற்றை அச்சு ட்ரெயிலரில் இதனால் டயர் தேயாது. வியப்பாக இருக்கலாம், ஆனால் உண்மை. ட்ரெயிலர் முன்னால் ஒரேயொரு புள்ளியில் கொளுவப்பட்டிருக்கிறது. அந்தப் புள்ளியைச் சுற்றி அது சற்றே திரும்பி, தன் சக்கரங்கள் இரண்டும் பயணத் திசையைப் பார்க்கும்படி தானாகவே ஒழுங்காகிக்கொள்ளும். சக்கரங்கள் நேராக உருளும். வண்டியின் உடல்தான் நண்டுபோல் சரிந்து வரும். 12 மீற்றர் நீளமான ட்ரெயிலரில் அச்சு அரைப் பாகை கோணலாக இருந்தால் வண்டியின் வால் 10 சென்றிமீற்றர் ஒதுங்கி வரும். அது ஒடுங்கிய வீதியில் மோட்டார் சைக்கிளில் போகிறவருக்கு ஆபத்து, டயருக்கு அல்ல.

அதே ட்ரெயிலரில் இரண்டு அச்சுகள் இருந்து, இரண்டும் வெவ்வேறு அளவில் கோணலாக இருந்தால் கதை முற்றிலும் மாறிவிடுகிறது. முன் அச்சு வண்டியை ஒரு பக்கம் கொண்டுபோகப் பார்க்கிறது. பின் அச்சு மறுபக்கம். வண்டி இரண்டுக்கும் நடுவே ஒரு வழியில் போகிறது. எந்த அச்சும் தான் பார்க்கும் திசையில் போகாததால் எல்லா டயர்களும் நாள் முழுக்க, நேர்வீதியிலும்கூட, உரசிக்கொண்டே வருகின்றன. சக்கரங்கள் வண்டிக்கு நேராக இருக்கின்றனவா என்பதைவிட ஒன்றுக்கொன்று இணையாக இருக்கின்றனவா என்பதே டயரின் ஆயுளைத் தீர்மானிக்கிறது. அச்சு ஒன்றை மட்டும் கழற்றித் திருத்திவிட்டு மற்றதை அப்படியே விடுகிறவர்கள் பல நேரங்களில் முன்பிருந்ததைவிட மோசமான நிலையை உண்டாக்கிவிடுவதும் இதனால்தான்.

திருப்பத்தில் நடப்பது வேறு. அது பழுதல்ல, வடிவத்திலேயே உள்ள குறை. ஒரு வண்டி வட்டமாகத் திரும்பும்போது ஒவ்வொரு சக்கரத்தின் அச்சுக்கோடும் வட்டத்தின் மையத்தைச் சந்தித்தால்தான் எல்லாச் சக்கரங்களும் உரசாமல் உருளும். குதிரை வண்டிக்காலத்திலேயே மியூனிக்கைச் சேர்ந்த வண்டித் தச்சர் லாங்கன்ஸ்பெர்கர் இதற்கு வழி கண்டார். 1818 இல் ருடோல்ஃப் ஆக்கர்மன் இங்கிலாந்தில் அதற்குக் காப்புரிமை பெற்றார். திரும்பும்போது உட்பக்கச் சக்கரம் வெளிப்பக்கச் சக்கரத்தைவிடக் கூடுதலாக வளைய வேண்டும் என்பது அதன் சாரம். இன்றைய கார்களின் முன்சக்கரங்களும் அந்த வழியைப் பின்பற்றியவையே. ஆனால் ட்ரெயிலரின் இரண்டு, மூன்று அச்சுகள் இணையாக இறுகப் பூட்டப்பட்டவை. இணைகோடுகள் ஒரு புள்ளியில் சந்திப்பதில்லை. மூன்று அச்சு ட்ரெயிலரில் நடு அச்சு ஓரளவு சமாதானமாக உருளும். அதற்கு முன்னும் பின்னும் 1.3 மீற்றர் தள்ளியிருக்கும் அச்சுகள், 8 மீற்றர் ஆரையுள்ள திருப்பத்தில் ஏறத்தாழ 9 பாகை விலகிய திசையில் இழுபட வேண்டியிருக்கிறது. நேர்வீதியில் 5 மில்லிமீற்றர், அதாவது ஏறத்தாழ கால் பாகை விலகலே டயரைத் தின்னும் என்று மேலே பார்த்தோம். 9 பாகை என்றால் இறப்பர் நெகிழ்ந்து சமாளிக்கும் எல்லையெல்லாம் தாண்டிப்போகும், அப்பட்டமாக அரைபடும்.

நம் கோயில் தேர்களுக்கும் இதே சிக்கல் உண்டு. பெரிய தேர்களின் அச்சுகள் திரும்புவதில்லை. வீதி மூலையில் சக்கரத்துக்கு முட்டுக்கட்டை கொடுத்து, ஒரு பக்கத்தைத் தடுத்து மறுபக்கத்தை இழுத்து, சக்கரங்களைத் தரையில் அரைய விட்டுத்தான் தேரைத் திருப்புகிறார்கள். மரமும் இரும்பும் அந்த அரைப்பைத் தாங்கும். ஆண்டுக்கு ஒருமுறை ஓடுவதால் தேய்மானமும் யாருக்கும் பெரிதாகத் தோன்றுவதில்லை. கொள்கலன் வண்டிக்கோ துறைமுக வாசலிலிருந்து களஞ்சியம் வரை நாளாந்தம் அதே வேலை. துறைமுகத்தைச் சுற்றியுள்ள கொட்டாஞ்சேனை, முகத்துவாரம், புறக்கோட்டைச் சந்திகள் மாட்டுவண்டிக் காலத்தில் உருவானவை. 40 அடிக் கொள்கலனைத் திருப்புவதற்கான அகலம் அவற்றுக்கு இல்லை. முடிந்தவரை அகலமாக எடுத்துத் திருப்பும் சாரதியைப் பின்னால் நிற்கும் கார்க்காரர் ஹோர்ன் அடித்து ஏசுவதைப் பார்க்கிறோம். அந்தச் சாரதி வீதியை அடைப்பதற்காக அப்படிச் செய்வதில்லை; பின்சக்கரங்கள் நடைபாதையில் ஏறாமலும், டயர்கள் தேவைக்கு மேல் அரைபடாமலும் காப்பாற்றப் பார்க்கிறார். அவருக்கு ஒரு நிமிடம் வழிவிடுங்கள்.

மூன்றாவது கோணல், சக்கரம் நிமிர்ந்து நிற்காமல் ஒரு பக்கம் சாய்ந்திருப்பது. ‘கெம்பர்’ என்பார்கள். சாய்ந்து உருளும் சக்கரம் கூம்பு மாதிரி நடந்துகொள்கிறது. ஒரு காகிதக் கூம்பைத் தரையில் உருட்டினால் நேராகப் போகாமல் சுற்றி வருவதைக் காணலாம். டயரும் அப்படிச் சுற்றப் பார்க்கும்; அச்சு விடாது; விளிம்பு தேயும். ட்ரெயிலரில் இந்தச் சாய்வு பெரும்பாலும் சுமையால் வருவது. பாரம் ஏறும்போது அச்சுத்தண்டு நடுவே சிறிது தாழும் என்பதை முன்கூட்டியே கணித்து, பல அச்சுகளை மேல்நோக்கி மிக இலேசாக வளைத்தே செய்கிறார்கள். குறித்த சுமையில் அது நேராகிவிடும். அதற்கு மேல் ஏற்றினால் தண்டு எதிர்ப்பக்கம் வளைந்து, சக்கரங்களின் தலை உள்ளே சாயும். உள்விளிம்பு தேயத் தொடங்கும். உள்விளிம்பு வெளியே நின்று பார்க்கிறவருக்குத் தெரியாது. நூல் வெளிவந்து டயர் வெடித்த பிறகுதான் தெரியவரும். 40 அடிக் கொள்கலன் ஒன்றின் உச்ச நிறை வழக்கமாக 30,480 கிலோகிராம், அதாவது 30 தொன்னுக்கும் மேல். அந்த எல்லைக்குள் இருந்தாலும் பெட்டிக்குள் பாரம் ஒரு பக்கமாகக் குவிந்திருந்தால் அந்தப் பக்கத்து அச்சுமுனைக்கு அது அதிக சுமைதான்.

ஒரே முனையில் இரட்டையாகப் பூட்டிய டயர்களையும் சொல்ல வேண்டும். இரண்டும் ஒரே தட்டில் இறுக்கப்பட்டிருப்பதால் இரண்டும் எப்போதும் ஒரே எண்ணிக்கையில்தான் சுற்றமுடியும். ஒன்று புதிது, மற்றது தேய்ந்தது. விட்டத்தில் 1 சென்றிமீற்றர் வித்தியாசம் என்று கொண்டால், ஒரு கிலோமீற்றரில் இரண்டும் உருள நினைக்கும் தூரம் கிட்டத்தட்ட 10 மீற்றர் வேறுபடும். பெரிய டயர் நசுங்கிச் சுமையின் பெரும்பகுதியைத் தாங்கிச் சூடேறும். சின்னது இலேசாகத் தொட்டபடி இழுபட்டுத் தேயும். பஞ்சரான ஒன்றுக்குப் பதிலாக ஒரே ஒரு புது டயரை வாங்கிப் பழையதன் பக்கத்தில் பூட்டுவது சிக்கனமாகத் தோன்றும். இரண்டையும் சீக்கிரம் இழப்பதற்கு அது நிச்சயமான வழி. புதியதைப் புதியதோடும் பழையதைப் பழையதோடும் சோடி சேர்ப்பதுதான் சிக்கனம்.

காற்றமுக்கம் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள், ஒன்றிரண்டு மட்டும். காற்று குறைந்தால் இரு விளிம்புகளும், கூடினால் நடுவும் தேயும். அளப்பது காலையில் வண்டி ஓடுவதற்கு முன்னர் இருக்க வேண்டும். பகல் வெயிலில் ஓடிவந்த டயரில் அமுக்கம் ஏறியிருப்பது இயல்பு. அதைக் கண்டு காற்றை இறக்கிவிடுவது தவறு. இறக்கினால் மறுநாள் காலை டயர் குறைந்த காற்றோடு ஓடும். இரட்டை டயரில் உட்பக்க டயரைச் சுத்தியலால் தட்டி ஓசையை வைத்துக் காற்று மட்டுக்கட்டுவது பழைய பழக்கம். முற்றாக வெறுமையான டயரை அது காட்டிக்கொடுக்கும். கால்வாசி குறைந்ததைக் காட்டாது. அளவி வைத்தே பார்க்க வேண்டும்.

இந்தக் கோணல்கள் எங்கிருந்து வருகின்றன? நடைபாதை விளிம்பில் ஏறி இறங்குவதிலிருந்தும், மழைக்குப் பின் நீர் நிறைந்து ஆழம் தெரியாமல் கிடக்கும் குழிகளிலிருந்தும் வருகின்றன. அச்சை ஸ்பிரிங்கோடு பிணைக்கும் யூ போல்ட்டுகள் தளர்வதிலிருந்தும், புஷ்கள் தேய்வதிலிருந்தும் வருகின்றன. இன்னொன்று வெல்டிங். அச்சுத்தண்டில் ஏதாவது உடைந்தால் அதிலேயே பற்றவைத்துவிடுவது வழக்கமாக இருக்கிறது. உருகிய உலோகம் ஆறும்போது சுருங்கும். சுருங்கும்போது தண்டைத் தன் பக்கம் இழுக்கும். பார்வைக்கு வேலை உறுதியாக இருக்கும்; அளவிலோ மில்லிமீற்றர்கள் மாறியிருக்கும். அச்சில் வெல்டிங் செய்தால் அளந்து பார்க்காமல் வண்டியை வீதிக்கு விடக்கூடாது என்பதை ஒரு விதியாகவே கொள்ளவேண்டும்.

காரில் சக்கரம் கோணினால் ஸ்டியரிங் சொல்லிவிடும். கை தளர்ந்த கணத்தில் வண்டி ஒரு பக்கம் இழுக்கும். சாரதி மறுநாளே கராஜுக்குப் போவார். ட்ரெயிலரின் சக்கரத்துக்கு அப்படிச் சொல்வதற்கு வாயில்லை. 12 மீற்றர் பின்னால் ஒரு டயர் சூடேறி உரிந்துகொண்டிருப்பதை முன்னாலிருக்கும் சாரதியால் உணரமுடியாது. கண்ணாடியில் பார்த்தாலும் வெளிப்பக்கம் மட்டும் தெரியும். வெள்ளவத்தையில் காலி வீதியோரமாகக் கார்களுக்கு வீல் அலைன்மன்ட் செய்யுமிடங்களில் கமெரா வைத்துக் கணினித் திரையில் கோணங்களைக் காட்டுகிறார்கள். அங்கே கார் கொடுக்கிறவர்களும் ஒன்றைக் கேட்டு வாங்க வேண்டும்: முன்சக்கரங்களை மட்டும் திருத்தி அனுப்பாமல், பின்சக்கரங்களின் கோணத்தையும் அளந்து தாளில் அச்சடித்துத் தரச் சொல்லுங்கள். பின் அச்சு கோணலாக இருந்தால், அதைக் கணக்கில் எடுக்காமல் முன்னால் எவ்வளவு திருத்தினாலும் ஸ்டியரிங் நேராக நிற்காது.

ட்ரெயிலருக்கு அந்த வசதி இல்லாத இடத்திலும் அளப்பது கடினமல்ல. மட்டமான தரையில் வண்டியை நேராக முன்னால் இழுத்து நிறுத்த வேண்டும். பின்னுக்கு எடுத்து நிறுத்தினால் டயர்கள் முறுக்கிய நிலையில் நிற்கும், அளவு பிழைக்கும். முன்னால் கொளுவும் கிங் பின்னின் மையத்திலிருந்து முதல் அச்சின் இடது முனை மையத்துக்கும் வலது முனை மையத்துக்கும் உருக்கு நாடா பிடித்து அளக்க வேண்டும். இரண்டும் 3 மில்லிமீற்றருக்குள் ஒத்துப்போக வேண்டும். பிறகு முதல் அச்சிலிருந்து இரண்டாவதற்கு இடப்பக்கமும் வலப்பக்கமும் அளக்க வேண்டும். இங்கே அனுமதிக்கக்கூடிய வித்தியாசம் அதிலும் பாதிதான், ஏனென்றால் அச்சுகள் ஒன்றோடொன்று இணையாக இருப்பதே முக்கியம். கடைசியாக ஒவ்வொரு சோடிச் சக்கரத்துக்கும் முன்பக்க இடைவெளி, பின்பக்க இடைவெளி. இதற்கு இரண்டு பேர், ஒரு நாடா, சோக்குக்கட்டி, ஒரு மணி நேரம் போதும். பஞ்சிகாவத்தையில் நாடாவும் சோக்கும் வாங்கும் விலையை ஒரு டயரின் விலையோடு ஒப்பிடவே முடியாது.

தேய்ந்த இறப்பர் எங்கே போகிறது என்பதையும் நினைக்க வேண்டும். அது ஆவியாகிவிடுவதில்லை. கறுப்புத் தூளாக வீதியோரம் படிகிறது, காற்றில் மிதக்கிறது, மழை வந்ததும் வடிகானுக்குள் இறங்குகிறது. காலி வீதியின் தூள் வெள்ளவத்தைக் கால்வாய்க்கும் கடலுக்கும் போக அதிக தூரம் இல்லை. உலகச் சராசரியாக ஓர் ஆளுக்கு ஆண்டுதோறும் ஏறத்தாழ 0.8 கிலோகிராம் டயர்த் தூள் சூழலில் சேர்கிறது என்று 2017 இல் வெளியான ஓர் ஆய்வு கணித்தது. டயரில் வெயிலாலும் ஓசோனாலும் வெடிப்பு விழாமலிருக்க 6பிபிடி என்ற இரசாயனத்தை இறப்பரில் கலக்கிறார்கள். அது ஓசோனோடு சேர்ந்து உண்டாகும் ஒரு பொருள்தான், அமெரிக்காவின் வாஷிங்டன் மாநில ஆறுகளில் மழைக்குப் பின் கோஹோ சால்மன் மீன்கள் கூட்டமாகச் செத்து மிதந்ததற்குக் காரணம் என்று 2020 இல் கண்டறிந்தார்கள். நம் கால்வாய்களில் அந்த மீன் இல்லை. ஆனால் அதே டயர்தான் இங்கேயும் ஓடுகிறது, அதே தூள்தான் இங்கேயும் கரைகிறது.

முன்கூட்டியே கழற்றப்படும் டயருக்கு இன்னொரு பாதகமும் உண்டு. சீராகத் தேய்ந்த லொறி டயரின் உடல் நன்றாக இருந்தால் அதன்மேல் புதிய பட்டை ஒட்டி ரீபில்ட் செய்யலாம். இலங்கையில் இத்தொழில் நன்கு வேரூன்றியது. ஒரு பக்கம் நூல்வரை தேய்ந்த டயரின் உடல் அதற்கு உதவாது. அது எங்காவது ஓர் ஒழுங்கையின் மூலையில் மழைநீர் தேக்கி, நுளம்பு பெருக இடம் கொடுத்துக் கிடக்கும். 2017 இல் இந்த நாட்டில் 180,000 பேருக்கு மேல் டெங்கு பீடித்தபோது சுகாதாரப் பரிசோதகர்கள் வீடு வீடாகத் தேடிய பொருட்களில் பழைய டயர் முதல் வரிசையில் இருந்தது.

கனடாவிலும் அவுஸ்திரேலியாவிலும் உள்ள நம்மவர்களில் சிலர் கோடை விடுமுறைக்கு இழுவை வீட்டையோ படகையோ காருக்குப் பின்னால் கட்டிக்கொண்டு ஏரிக்கரைக்குப் போகிறார்கள். அளவு சிறிது, இயற்பியல் அதேதான். அங்கே கூடுதலாக ஒரு சிக்கல்: அந்த வண்டிகள் ஆண்டின் பெரும்பகுதி சும்மா நிற்கின்றன. ஓடும் டயரில் இறப்பர் நெகிழ நெகிழத்தான் உள்ளேயுள்ள காப்புப் பொருட்கள் மேற்பரப்புக்கு வருகின்றன. நிற்கும் டயரில் வெயிலில் காய்ந்து வெடிப்பு விழும். தவாளிப்பு புதிதுபோல் இருக்க, உடல் கிழடாகிவிடும். எனவே ஐந்தாறு ஆண்டுகளானால் தேய்மானம் பார்க்காமல் மாற்ற வேண்டும் என்பது அங்கே பொதுவான அறிவுரை. வயதை அறிவது எளிது. டயரின் பக்கச்சுவரில் பொறித்த நீண்ட குறியீட்டின் கடைசி நான்கு இலக்கங்களைப் பாருங்கள். 2319 என்றிருந்தால் 2019 ஆம் ஆண்டின் 23 ஆவது வாரத்தில் செய்தது. கொழும்பில் பாவித்த டயர் வாங்குகிறவர்களும் பேரம் பேசுவதற்கு முன் இதைத்தான் வாசிக்க வேண்டும். பளபளப்பாக மினுக்கிய கறுப்பு நிறத்தை நம்பக்கூடாது.

2022 இல் ரூபாய் சரிந்தபோது டயர் விலை பல சிறு வண்டிச் சொந்தக்காரர்களின் கைக்கு எட்டாமல் போனது. அந்த நாட்களில் நூல் தெரிய ஓடிய டயர்களை எல்லோரும் பார்த்தோம். ஒரு டயரைச் சில மாதங்கள் கூடுதலாக ஓடவைப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று இப்போது யாருக்கும் எடுத்துச் சொல்லத் தேவையில்லை. ட்ரெயிலர் வைத்திருப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். டயர் கழற்றப்படும்போது நேரில் நின்று பாருங்கள். எந்த அச்சில், எந்தப் பக்கத்தில் இருந்தது என்று சோக்கால் எழுதச் சொல்லுங்கள். எந்த விளிம்பு தேய்ந்திருக்கிறது என்று பாருங்கள். டயர் சீக்கிரம் போய்விட்டது என்று சாரதியை ஏசுவதற்கும், அவருடைய சம்பளத்தில் கைவைப்பதற்கும் முன்னால் அச்சுகளை அளந்து பாருங்கள்.